கடைசிப் பாட்டில் வரும் மனைவி

அந்த ஆல்பத்தை நான் விரும்பிக் கேட்கவில்லை. காரில் ஏறினால் அது பாடும், இறங்கினால் நிற்கும். கார் மகளுடையது, ஓட்டுபவளும் அவள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போகிறவள் பாட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. நானும் திறக்கவில்லை. காலையில் எனக்கு வாய் திறக்கிற அளவுக்குத் தெம்பும் இருப்பதில்லை.

நாங்கள் மொன்றியலில் லாசால் பகுதியில் இருக்கிறோம். மகளுக்கு வேலை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்தில் மண் பரிசோதிக்கும் கூடத்தில். எனக்கும் அதே ஊரில்தான், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் கரட்டை அவித்து, கூழாக அரைத்து, மறுபடியும் கரட் வடிவத்து அச்சில் வார்த்துத் தட்டில் வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. முழுக் கரட்டைப் பார்த்துக்கொண்டு கூழைச் சாப்பிடுவதில் அவர்களுக்கு என்ன ஆறுதலோ எனக்குத் தெரியாது. சொன்னதைச் செய்கிறேன். முன்பெல்லாம் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மகளுக்கு அங்கே வேலை கிடைத்த பிறகு அந்த அலைச்சல் விட்டது. காலையில் ஊரே நகரத்துக்குள் நெரிந்துகொண்டு போகும் நேரத்தில் நாங்கள் இருபதாம் நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கமாக மேற்கே போவோம். டோர்வால் சந்தியில் மட்டும் கொஞ்சம் இழுபடும்.

அந்தப் பயணத்துக்கும் அந்த ஆல்பத்துக்கும் ஏறக்குறைய ஒரே நீளம். லாசாலில் வீட்டு வாசலில் முதலாவது பாட்டு தொடங்கும். இல்லத்தின் பின்வாசலில் என்னை இறக்கிவிடும்போது கடைசிக்கு முந்திய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பின்னேரம் திரும்பும்போதும், அடுத்த நாளும் மறுபடியும் முதலிலிருந்து. காரின் சின்னத் திரையில் தொப்பி போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் தெருவில் நிற்பான். கன்ட்ரி மியூசிக் என்று மகள் சொன்னாள். ஒரு கிற்றார் இருக்கிறது. அதை வாசிக்கிறார்களா, கிள்ளி அழவைக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். பாடுகிறவனுக்கு நல்ல குரல்தான், ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தொண்டை உடைந்துபோகும். இப்படி உடைகிற தொண்டையை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படித் தொழில் செய்கிறான் என்று நான் யோசித்திருக்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் அரைகுறை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னைப் பிரெஞ்சு வகுப்பில்தான் உட்காரவைத்தார்கள். சமையலறையிலும் பிரெஞ்சுதான். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இல்லத்துக் கிழவிகள் சொல்லித்தந்தவை: சூடு காணாது, உப்புக் காணாது, என்ர மகன் வந்தவனா. அதை வைத்துக்கொண்டு பாட்டை விளங்கிக்கொள்ள முடியாது. இருந்தாலும் ஒருவன் தன்னை விட்டுப் போனவளை நினைத்து உருகுகிறான் என்பது விளங்கத்தான் செய்தது. பாட்டு மாறினாலும் உருக்கம் மாறவில்லை. முப்பதைத் தாண்டிய என் மகள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல், தினமும் அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் பாட்டை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

காரணம், அவளுக்கு எழுத்து முடிந்திருந்தது.

எங்கள் ஆட்களிடையே கல்யாணம் இரண்டு தவணையில் நடக்கும். முதலில் எழுத்து, அதாவது சட்டப்படி பதிவு. பிறகு மாதக்கணக்கில் இடைவெளி விட்டு, ஒரு நல்ல நாளில் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி. இடைப்பட்ட காலத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அரசாங்கத்துக்குக் கணவன் மனைவி, சொந்தக்காரருக்கு இன்னும் ஒன்றுமில்லை. பெண் தகப்பன் வீட்டில்தான் இருப்பாள். ஊரிலிருந்து ஒருவரை ஸ்பொன்சர் பண்ணி எடுக்க வேண்டிய காலத்தில் அந்த அவசரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. என் மகள் மொன்றியலில் பிறந்தவள், மாப்பிள்ளை ரொறன்ரோவில் பிறந்தவர். யாரும் யாரையும் எங்கிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. இருந்தும் எழுத்தை முதலில் முடித்துவைப்போம் என்று மச்சாள் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். அகதிகளாக வந்தவர்களுக்குக் கடுதாசி கையில் இருந்தால்தான் நித்திரை வரும். இலையுதிர்காலத்தில் ரொறன்ரோவுக்குப் போய் எழுத்தை முடித்துக்கொண்டு வந்தோம். வைகாசியில் இங்கே மொன்றியலில், டொலார்டில் இருக்கும் கோயிலில் தாலி கட்டு என்று முடிவானது.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை, ரொறன்ரோவில் இருக்கிறார். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். சாதகம் பார்த்ததும், படம் அனுப்பியதும், இரண்டு பக்கமும் மாறி மாறித் தொலைபேசியில் கதைத்து ஒப்பேற்றியதும் அவர். மாப்பிள்ளைக்கு வங்கியொன்றில் கணினி வேலை. நேரில் பார்த்தபோது எனக்கும் பிடித்திருந்தது. அமைதியான பெடியன். நான் கதிரையை இழுக்கப் போனால் எழுந்து வந்து இழுத்துத் தந்தார். அதிகம் கதைக்கவில்லை. மகளும் சம்மதம் என்றாள். யாரும் அவளை நெருக்கவில்லை. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு சம்பந்தமாகப் பார்த்து, ஒவ்வொரு மாமியிடமும் ஒரே பதிலைச் சொல்லி, அலுத்துப்போய் ஓமென்றிருக்கிறாள். அப்போது நான் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுத்து முடிந்து கொஞ்ச நாளில் இந்த ஆல்பம் காருக்குள் வந்தது. முதலில், மாப்பிள்ளையைப் பிரிந்திருக்கிற ஏக்கமாக்கும் என்று நினைத்தேன். எங்கள் படங்களில் பெண் சோகப்பாட்டுக் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பிறகு சந்தேகம் வந்தது. ஏக்கப்படுகிறவள் தொலைபேசி வந்தால் ஓடிப்போய் எடுப்பாள். இவள் மாப்பிள்ளையின் அழைப்பை, பல் வைத்தியரிடமிருந்து வரும் அழைப்பை எடுக்கிற முகத்தோடு எடுத்தாள். அப்படியானால் மனதில் வேறு யாரும் இருக்கிறார்களா? அந்தக் கேள்வியை நான் விழுங்கிக்கொண்டேன். எழுத்து முடிந்த பெண்ணிடம் அதைக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

கணவரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். பாட்டுத்தானே, கேட்டுவிட்டுப் போகட்டும் என்றார். மச்சாளிடம் சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. எழுத்து முடிந்த பிள்ளைகளைப் பிரித்து வைத்தால் இப்படித்தான், பொன்னுருக்கலை முன்னுக்குப் போடுவோம் என்றார். தாலி செய்வதற்கான தங்கத்தை நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் உருக்குவது பொன்னுருக்கல். அதற்குப் பிறகு தாலி கட்டும் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. எழுத்தையாவது கிழித்த குடும்பங்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தங்கம் உருகிய பிறகு கல்யாணத்தை நிறுத்திய குடும்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை. சித்திரை வருசம் பிறந்த கையோடு நாள் வைத்தார்கள். நானும் கணவரும் ரொறன்ரோவுக்குப் போவதாக இருந்தது. எனக்கென்று ஒரு சேலையும் எடுத்து மடித்து வைத்தாயிற்று.

அந்தக் கிழமைதான் பனி கொட்டியது. சித்திரை பிறக்கிற நேரத்தில் பனி கொட்டுவது இங்கே அதிசயம் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கோபம் வரும். குளிர்காலம் முடிந்தது என்று நம்பிப் பனிச் சப்பாத்தை உள்ளே வைத்தவர்களைப் பார்த்துச் செய்கிற அநியாயம். காலையில் கணவர் எங்களுக்கு முன்னே கீழே போய்க் காரைத் துடைத்து, சூடாக்கி வைத்திருந்தார். டோர்வாலைத் தாண்டுவதற்குள் வாகனங்கள் எல்லாம் நின்றுவிட்டன. முன்னால் ஒரு பெரிய லொறி குறுக்கே திரும்பிக் கிடப்பதாக ரேடியோ சொன்னது. மகள் ரேடியோவை நிறுத்தினாள். தொப்பிக்காரன் பாடத் தொடங்கினான்.

கார் நகரவில்லை. பாட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு முழங்கால் கடுத்தது, வேலைக்குப் பிந்துகிற எரிச்சல் வேறு. இந்த மனிதன் இவ்வளவு நாளாக அழுகிறானே, என்னதான் நடந்தது அவனுக்கு என்று கேட்டேன். கேட்பதற்கு வேறொன்றும் இல்லை என்பதால்தான் கேட்டேன்.

மகள் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் காணும், காதலுக்குச் சொற்கள் காணாது. அதனால் அந்தப் பாட்டுகள் அவள் வாயில் மொட்டையாக வந்தன. ஆல்பம் முழுவதும் ஒரே ஆளின் கதை என்றாள். முதல் பாட்டில் அவன் அப்பிள் ஏற்றிக்கொண்டு லொறியில் போகிறான். தான் விரும்புகிறவளின் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மெதுவாக ஓட்டுகிறான். அவளுடைய தகப்பன் வேறு கோயில்காரன். வேறு கோயில் என்றால் வேறு மாதிரிக் கிறிஸ்தவர்கள் என்று விளக்கினாள். தகப்பன் கேற்றைப் பூட்டிவிடுகிறான். மூன்றாவதோ நான்காவதோ பாட்டில் அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம் நடக்கிறது. இவன் போய்த் தேவாலயத்துக் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வருகிறான். பிறகு குடிக்கிறான். பிறகு இருவரும் ஒரு தேநீர்க்கடையில் தற்செயலாகச் சந்தித்து, கடை மூடும்வரைக்கும் காலநிலையைப் பற்றியே கதைக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் எங்கள் ஆட்களின் கதையும் இதேதான், அப்பிளும் லொறியும் மட்டும் இல்லை. சாப்பிடாமல் திரும்பினான் என்ற இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் இதுவரை கேட்காத பாட்டொன்று தொடங்கியது. கிற்றார் மட்டும், மெதுவாக. தொண்டை உடையவில்லை. இவ்வளவு நேரமும் அழுதவன் இந்தப் பாட்டில் சாதாரணமாகப் பாடினான். இது என்ன என்று கேட்டேன். கடைசிப் பாட்டு என்றாள். கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். நான் மறுபடியும் கேட்டேன்.

அவன் வேறொருத்தியைக் கட்டிவிட்டான் என்றாள். மனைவியைப் பார்த்துப் பாடுகிறான். வீடு சூடாக இருக்கிறது, சட்டை தோய்த்து மடித்திருக்கிறது, நீ நல்லவள், உன்னில் ஒரு குறையும் இல்லை, நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பாடுகிறான். அவள் விளக்கை அணைத்த பிறகு, அப்பிள் லொறி போகிற சத்தம் கேட்கிறது என்று பாட்டு முடிகிறது.

“அந்த மனுசிக்குப் பேர் இருக்கோ?” என்று கேட்டேன்.

“இல்லை. மற்றவளின்ர பேர்தான் எல்லாப் பாட்டிலயும் வருது.”

பாட்டு முடிந்தது. அவள் மறுபடியும் போடவில்லை. கண்ணாடித் துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. இனிமேலும் கேட்காமல் இருந்தால் நான் தாயில்லை என்று தோன்றியது. யாரை நினைத்துக்கொண்டு இதைக் கேட்கிறாய் என்று கேட்டேன். எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“இது என்ர பாட்டில்லை அம்மா,” என்றாள். “அவரின்ர பாட்டு.”

மாப்பிள்ளையிடம் ஒரு முறை உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று இவள் கேட்டிருக்கிறாள். அதிகம் கதைக்காத மனிதன், பதிலுக்கு இந்த ஆல்பத்தை அனுப்பியிருக்கிறார். வருசக்கணக்காகக் கேட்கிறேன், இதைப்போல எனக்கு வேறொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இவள் தினமும் கேட்கத் தொடங்கினாள். கட்டப்போகிறவரின் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது போலக் கேட்டிருக்கிறாள். ஒரு மனிதன் ஏன் இந்தப் பாட்டுகளையே வருசக்கணக்காகக் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு அவளால் ஒரு பதிலைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. போன கிழமை அவரிடமே கேட்டிருக்கிறாள். அவர் பொய் சொல்லவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல வருடம். அவருடைய தாய் தலைகீழாக நின்று தடுத்துவிட்டார். அந்தப் பெண் இப்போது கல்யாணம் முடித்து வேறு எங்கோ இருக்கிறாள். எல்லாம் முடிந்த கதை, உங்களை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“அவர் நல்லவர் அம்மா. சொன்னபடி பார்ப்பார். நான் சின்ன விசயத்தைப் பெருசாக்கிறனோ?”

நான் என் பக்கத்துக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தேன்.

என் கணவர் நல்ல மனிதர். இதை யாரிடமும் சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். இடுப்பு முறியும்வரை தொழிற்சாலையில் வேலை செய்து சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தவர். குடிப்பதில்லை. கை ஓங்கியதில்லை. எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது மற்ற ஆம்பிளைகள் போலத் தங்கையைக் கூப்பிடாமல் தானே சமைத்து, தானே என் காலைக் கழுவித் துடைத்தவர். நான் அவரைக் கட்டி வந்த முதல் வருடம், ஒரு பிறந்தநாள் வீட்டில், எல்லோருக்கும் முன்னால் மச்சாள் பகிடியாகச் சொன்னார்: அண்ணை முந்தி ஒருத்திக்காகப் பட்டினி கிடந்தவர், அவளின்ர வீட்டில சாதி பார்த்து விடேல்லை, இப்ப பாருங்கோ, திண்டு வயிறு வண்டி வைச்சிட்டுது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. அவர் என்னை ஒருநாளும் மனம் நோக வைக்கவில்லை. நான் சொன்னால் கேட்பார், கேட்டால் பதில் சொல்வார். ஆனால் என்னைப் பார்க்கிறபோது அவருடைய கண் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். இதை யாரிடம் போய் முறையிடுவது? அடிக்கிறவனைப் பற்றிச் சொல்லி அழலாம், குடிக்கிறவனைப் பற்றிச் சொல்லி அழலாம். நல்லவனோடு வாழ்கிறவள் வாயைத் திறந்தால் ஊர் அவளைத்தான் பேசும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாரிகாலத்தில், அவர் பட்டினி கிடந்த அந்தப் பெண் பிரான்சில் செத்துப்போன செய்தி வந்தது. மச்சாள்தான் தொலைபேசியில் சொன்னார். கேட்டுவிட்டு என் கணவர் காரில் பனி தள்ள வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார். காலையிலேயே தள்ளியிருந்தார். துடைத்த கண்ணாடியை அவர் திரும்பத் திரும்பத் துடைப்பதை நான் யன்னலில் நின்று பார்த்தேன். மேலே வந்து சாப்பிட்டார். குழம்பு நல்லா இருக்குது என்றார். அன்றைக்கு நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, செத்தவள்மேல்தான் பொறாமை வந்தது. காருக்குள் அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டபோதும் அதேதான் வந்தது. ஒரு ஆல்பம் முழுக்க ஒருத்திக்கு. மற்றவளுக்கு மடித்த சட்டையும் ஒரு நன்றியும். எனக்கென்று உடைந்த காதல் ஒன்றுகூடக் கிடையாது. நான் யாரையும் விரும்பித் தோற்கவில்லை, யாரும் என்னை நினைத்துக் கடைசி வாங்கில் உட்காரவில்லை. என்னைக் கட்டிவைத்த இடத்தில் ஒழுங்காக இருந்து களைத்துப்போனவள் நான். என் மகளும் அதே நாற்காலியில்தான் வந்து உட்காரப்போகிறாள்.

ஆனால் இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு அவர் தகப்பன். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு லாசால் முழுக்க நடந்த மனிதன். அதனால் ஒன்றைத்தான் கேட்டேன்.

“உனக்கு என்ன வேணும்?”

அவள் முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். “ஆரோ ஒருத்தருக்கு நான் முதலாவதா இருக்கோணும். இது சின்னப்பிள்ளைக் கதையோ அம்மா?”

“இல்லை,” என்றேன்.

“எழுத்து முடிஞ்சுது.”

“கடுதாசியைக் கடுதாசியால வெட்டலாம். நான் உன்னோட நிக்கிறன்.”

அதைச் சொல்லும்போதே மனதுக்குள் கணக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். தாலி ஏறாமலே விவாகரத்து எடுத்த பெண் என்று அவளை நாளைக்குப் பேசுவார்கள். மச்சாள் என்னோடு கதைக்க மாட்டார். இனி வருகிற ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் முதலில் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். லொறியை இழுத்து ஓரமாக விட்டார்கள் போலிருக்கிறது, முன்னால் நின்ற கார் நகர்ந்தது. மிச்ச வழி முழுக்க நாங்கள் பாட்டில்லாமல் போனோம்.

அன்றைக்கு நான் கரட்டை அச்சில் சரியாக வார்க்கவில்லை. எல்லாம் உடைந்து உடைந்து வந்தது. உடைந்ததையே அனுப்பினேன், யாரும் திருப்பி அனுப்பவில்லை.

பின்னேரம் மகள் என்னை ஏற்ற வந்தபோது கண் சிவந்திருந்தது. மதியம் அவரோடு கதைத்துவிட்டதாகச் சொன்னாள். எழுத்தைத் திருப்புவோம் என்று சொன்னதும் அவர் அழுதாராம். தன்னால் இதைத் தாயிடம் சொல்ல முடியாது என்றாராம். அதற்குப் பிறகு இவளுக்கு நன்றி சொன்னாராம். எனக்கு அந்தப் பெடியன்மேல் இரக்கம் வந்தது. அவரும் இவளைப் போலவே களைத்துப்போய்த்தான் தலையாட்டியிருக்கிறார். ஆனால் இரக்கப்பட்டுப் பெண் கொடுக்க முடியாது. அவரால் சொல்ல முடியாது என்றால் எங்கள் பக்கத்தில் இருந்துதான் யாராவது சொல்ல வேண்டும். யார் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் கணவர் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, தட்டுகளும் எடுத்து வைத்திருந்தார். மகளை முகம் கழுவச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு நானே விசயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கோயில் மண்டபம் என்ன ஆகிறது, கார்ட் எல்லாருக்கும் போய்விட்டதே, தங்கச்சியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பார்ப்போம் என்றேன். பெடியனில் என்ன பிழை என்று கேட்டார். முன்பு ஒரு பெண் இருந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் தெளிந்துவிட்டது. அதைவிடப் பெரிதாக ஏதோ என்று பயந்திருக்கிறார்.

“அது முந்தின கதை தானே,” என்றார். “எல்லாருக்கும் ஏதோ ஒண்டு இருந்திருக்கும். கலியாணம் முடிஞ்சாப் பிறகு சரிவந்திடும். இஞ்சை பாரும், அவன் நல்லவன். பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் வச்சிருப்பான்.”

“ஓம், நல்லவன்தான்,” என்றேன். “உங்களைப் போல.”

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் வந்த சொல்லைத் திருப்பி எடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் சொதிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் மேசையில் சிந்தியிருந்ததைத் துடைத்தேன். உள்ளே மகள் குழாயைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. அவர் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார், கையைத் துடைத்தார், தொலைபேசியை எடுத்தார்.

இப்படியான செய்தியைச் சம்பந்தம் கொண்டுவந்தவர் மூலமாகத்தான் அனுப்புவார்கள். நேரே சொன்னால் பகை. அவர் தங்கைக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு எடுத்தார். மரியாதையாகச் சுகம் விசாரித்தார். பொன்னுருக்கலுக்குத் தாங்கள் வரவில்லை, இதை இந்த அளவில் நிறுத்துவோம், எழுத்தை முறைப்படி எடுத்துவிடுவோம் என்றார். அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது எனக்கும் கேட்டது. தன் பிள்ளையில் என்ன குறை கண்டீர்கள் என்று அந்தத் தகப்பன் கேட்டார்.

“இல்லை அண்ணை, பெடியனில ஒரு குறையும் இல்லை. தங்கமான பெடியன்.” அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. “ஆனா ஒரு பொம்பிளையை வீட்டுக்குள்ள வச்சு, சோறும் போட்டு, ஆயுள் முழுக்கக் காத்திருக்க வைக்கக் கூடாது அண்ணை. அது பெரிய பாவம்.”

நான் துணியோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருடமும் நான் காத்திருந்தது அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.